மைதான ஓரத்தில் சாக்கு விரித்தவர்

வெள்ளியங்கிரி அண்ணன் அவர்கள் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். வாய்க்கால் தண்ணீர் எங்கள் முறைக்கு வந்திருந்த காலை நேரம்; நான் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். கொல்லங்கோட்டிலிருந்து வரும் பஸ், நிறுத்தமே இல்லாத இடத்தில் வயலோரமாக நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கூப்பிட்டார்.

"ஏனுங்க, முதலமடை வெள்ளியங்கிரியண்ணன் போயிட்டாருங்க. தோப்புக்குள்ள நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவருதான். ஜீப்பு வரதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

பஸ் போய்விட்டது. நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் முதலில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். இதிலும் இந்த மனிதர் என்னை முந்திவிட்டாரே என்றுதான் தோன்றியது. கண் கலங்கியதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் இருவரின் பெண்களும் படித்த பள்ளியில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் டிரில் மாஷ்தான், பள்ளி மலருக்காக அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார். நல்லதைத் தவிர அவரைப் பற்றி எழுத என்னிடம் எதுவுமே இல்லை என்பதுதான் என்னுடைய குறை. இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு கெட்ட குணத்தையாவது காட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளியங்கிரி அண்ணன் முதலமடையில் மாந்தோப்பு வைத்திருந்தவர். ஆள் நல்ல உயரம். வெளுத்த சட்டை, தோளில் ஒரு துண்டு. குரல் மட்டும் ஆளுக்குப் பொருந்தாமல் சன்னமாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். மனைவி மயிலாத்தாள். ஒரே மகள் மரகதம். நான் நல்லேப்பிள்ளியில் நெல் விளைவிப்பவன். எங்கள் வீட்டில் பாட்டனார் காலத்திலிருந்து பந்தயக் காளை உண்டு. நான் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த வயலில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். எனக்கும் ஒரே மகள், சரோஜா.

இரண்டு பெண்களும் எட்டாம் வகுப்பில் ஒன்றாக ஓட ஆரம்பித்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. பெண் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க அப்போது ஆசிரியர்களைத் தவிர யாரும் வர மாட்டார்கள். பள்ளிப் போட்டியன்று மைதானத்தில் வந்து நின்ற தகப்பன்மார் நாங்கள் இருவர் மட்டுமே. நான் கயிற்றை ஒட்டி முன்னால் நின்றேன். அவர் பின்னால், வேப்பமரத்தடியில் ஒரு கோணிச்சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் ஒரு தூக்குப்போசி நிறைய கம்மங்கூழ். ஓட்டம் தொடங்க விசில் ஊதியதும் எழுந்து மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முடிகிற வரைக்கும் திரும்பவே இல்லை. மகளின் ஓட்டத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்துவிட்டு மரத்தைப் பார்க்கிற மனிதரை அன்றுதான் கண்டேன்.

எண்ணூறு மீட்டர் ஓடி முடித்த பெண்கள் மூச்சு வாங்க வந்தார்கள். நான் சரோஜாவிடம், "ரெண்டாவது சுத்துல எதுக்கு உட்டே? கை ஏன் அப்பிடித் தொங்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மரகதத்திடம் கேட்டது இவ்வளவுதான்: "கால் வலிக்குதா அம்மிணி?" அவள் இல்லை என்றாள். "அப்ப கூழு குடி" என்றார். எத்தனாவதாக வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் என் மகளும் அந்தச் சாக்கில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பிடித்தது எனக்கு இந்த வியாதி.

பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன், "ஏனுங்கண்ணா, பொண்ணு எத்தனாவது வந்தான்னு தெரிஞ்சுக்கக்கூட வேண்டாமுங்களா?" அவர் சிரித்தார். "அது அவளுக்குத் தெரியும், மாஷுக்குத் தெரியும். நானும் கேட்டு என்ன பண்றதுங் தம்பி?" என்றார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அதற்கு ஒரு தம்பி.

உபஜில்லா என்கிற வட்டாரப் போட்டிக்குப் போய்த் திரும்பியபோது பஸ் முழுவதும் நான் சரோஜாவுக்கு அவள் செய்த தப்புகளை எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் மூன்றாவதாக வந்திருந்தாள். எனக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? பாதி வழியில் அவள் எழுந்து முன்னால் போய், மரகதத்தின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளியங்கிரி அண்ணன் தம் தோப்பில் குரங்கு புகுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். என் மகள் அப்படிச் சிரிப்பாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அவரைப் போலவே செய்து பார்ப்போம் என்று ஒருமுறை நானும் அடுக்குப் பாத்திரத்தில் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போனேன். சரோஜா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "வயிறு நெறஞ்சிருக்குங்கப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சாக்கில் உட்கார்ந்து மயிலாத்தாள் கட்டிக்கொடுத்த தயிர்ச்சோற்றை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். அவர்கள் வீட்டுக்கு அரிசி எங்கள் வயலிலிருந்துதான் போகிறது. என் வயல் அரிசி, என் மகள் வாய். நடுவில் அந்த மனிதரின் பாத்திரம் இருந்தால்தான் இறங்குகிறது. இதை எந்தத் தகப்பனால் பொறுத்துக்கொள்ள முடியும்?

அடுத்து நான் எழுதப்போகும் சம்பவம் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்ததுதான். டீக்கடையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லும்போது வெள்ளியங்கிரி அண்ணன் அதில் வருவதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக் காளை ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்த சேற்று வயலில் காளைகள் ஓடும்போது காளைக்காரன் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். வரப்பின் மேல் கூடவே ஓடுவான். துண்டைச் சுழற்றுவான், காளையின் பெயரைச் சொல்லிக் கத்துவான். அப்படி ஓடாதவனைத்தான் ஊர் கேவலமாகப் பேசும். சொந்தக் காளை மேல் அக்கறை இல்லாதவன் என்பார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்தது அது. மகளையும் நான் அந்த முறையில்தான் தயார் செய்தேன். விடியலில் வாய்க்கால் கரையில் ஓடவிட்டு, பின்னால் சைக்கிளில் மணியடித்துக்கொண்டே போவேன். பச்சை முட்டை, உளுந்தங்களி, காலுக்கு வேப்பெண்ணெய். என் காளைகளுக்குச் செய்ததில் பருத்திக்கொட்டை ஒன்றுதான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

பாலக்காட்டில் ஜில்லாப் போட்டி. முதல் சுற்று முடியும்போது சரோஜா முன்னால் இருந்தாள், மரகதம் இரண்டாவது. கடைசி வளைவில் சரோஜாவின் கால் தளர்வது எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. கயிற்றைத் தாண்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டைச் சுழற்றிக்கொண்டு, "சரோஜா! உடாதே! ஹேய்! சரோஜா!" என்று கத்தியபடி அவள் பக்கத்திலேயே கோடு வரைக்கும் ஓடினேன். முதலில் வந்தது அவள்தான். நான் கையைத் தூக்கிக் குதித்தேன். மைதானமே சிரித்ததை எல்லோரும் சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவர் வந்தார். "கூடெ ஓடான் பாடில்ல" என்றார். வெளியாள் உள்ளே வந்து கூட ஓடக் கூடாதாம். சரோஜாவின் ஓட்டம் செல்லாது என்றார்கள். இரண்டாவதாக வந்த மரகதம் முதலானாள். மாநிலப் போட்டிக்குப் போகும் இடம் அவளுக்கு. நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். டிரில் மாஷ் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டார்.

சரோஜா என்னிடம் வரவில்லை. நேராக அண்ணன் விரித்திருந்த சாக்குக்குப் போய் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். மகள் ஜெயித்த மனிதர், தம் மகளைப் பாராட்டவில்லை. என் மகளுக்கு ஆறுதலும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனபோது சரோஜா தலை நிமிரவில்லை. "இனிமே நான் ஓடற எடத்துக்கு நீங்க வராதீங்க" என்றாள். பெற்ற பெண் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. 

வெள்ளியங்கிரி அண்ணன் எழுந்து வந்தார். ஒரு டம்ளர் கூழை நீட்டினார். "குடிங்க தம்பி. நெம்ப ஓடிட்டீங்க" என்றார்.

கேலியாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. வாங்கிக் குடித்தேன். கூழ் நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு சரோஜா ஓடிய எந்தப் போட்டிக்கும் நான் போகவில்லை. அவள் ஓடுவதை நிறுத்தவில்லை என்பதே பெரிதென்று இருந்தேன். வயலில் நிற்கும்போது, இந்நேரம் ஓடி முடித்திருப்பாள், அந்தச் சாக்கில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் "ஓடுனேன்" என்று மட்டும் சொல்வாள். ஜெயித்தாளா தோற்றாளா என்று நான் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை வெள்ளியங்கிரி அண்ணனிடமே கேட்டேன். "எனக்குத் தெரியலீங்களே தம்பி, நான் பாக்கலீங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பார்க்கக் கொடுத்துவைத்தவர் பார்ப்பதில்லை; பார்க்கத் தவிக்கிறவனுக்கு அனுமதி இல்லை.

பெண்கள் பத்தாவது படித்தபோது ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. மரகதம் பெரியவளாகி ஒரு வருடமாகியும் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று அண்ணனுடைய பெரியப்பா, வீட்டுக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார். மாலைக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்றாராம். "எனக்கு அவருகிட்டப் பேச வாய் வரலீங் தம்பி. உங்க வாய் வேணுமுங்க" என்றார் அண்ணன். அந்த மனிதர் என்னிடம் ஒன்று கேட்டு வந்தது அன்றுதான். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

இருவரும் முதலமடைக்குப் போனோம். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வயசுக்கு வந்த புள்ளைய அரை டவுசரு போட்டு ஊரு பாக்க ஓட உடறீங்களா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று ஆரம்பித்தார்.

"ஏனுங்க, நாத்து நட எறங்கறப்ப முழங்காலுக்கு மேல சேலையச் சொருகறாங்க. அப்ப ஊரு கண்ண மூடிக்குதுங்களா?" என்றேன்.

"அது வயித்துப்பாடுங்க."

"இதும் பாடுதானுங்க. அந்தப் புள்ள ஓடறதப் பாத்திருக்கறீங்களா? பாக்காம எப்பிடிங்க வேண்டாம்னு சொல்றீங்க?"

வெயில் தாழும் வரைக்கும் நான் விடவில்லை. என் சத்தம் கேட்டு அண்டை வீட்டுக்காரர்கள் வேலிக்கு அப்பால் கூடிவிட்டார்கள். கடைசியில் பெரியப்பா, "என்னமோ பண்ணித் தொலைங்க, காது வலிக்குது" என்று எழுந்து போனார். கதவுக்குப் பின்னால் மரகதம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளியங்கிரி அண்ணன் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார்.  பஸ் வரும்போது, "உங்களாட்ட ஒரு தொண்டை எனக்கு இல்லீங் தம்பி" என்றார். நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பெண்கள் இப்போது ஒரே கல்லூரியில் படிக்கிறார்கள், கல்லூரிக்காகவும் ஓடுகிறார்கள். அண்ணனும் ஒரு போட்டி விடாமல் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்வந்தார். அவர் போன கடைசிப் போட்டி சென்ற மாதம் நடந்தது.

செய்தி வந்த அன்று சரோஜாவையும் கூட்டிக்கொண்டு முதலமடைக்குப் போனேன். வாசலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தோப்பு முழுக்கப் பூத்திருந்த நேரம்.  சரோஜா அவரைப் பார்த்ததும் தரையில் விழுந்து அப்படி அழுதாள். மரகதமே அவளைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்று அங்கே நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலும் எனக்கு அந்த நினைப்புதான். சாவு வீட்டில் பிணத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் வேறு எவனாவது இருப்பானா?

காரியமெல்லாம் முடிந்த அன்று மறுபடி போயிருந்தோம். மயிலாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் துக்கம் விசாரிக்கிற விதமாக, அண்ணனைப் போல அமைதியான தகப்பனை நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அமைதியெல்லாம் இல்லீங்க. பாத்தா நெஞ்சு வெடிச்சிரும்னு பயமுங்க அவருக்கு. அதுதான் திரும்பி நின்னுக்குவாரு. போட்டி முடிஞ்சு ஊட்டுக்கு வந்தா, நேரா தோப்புக்குள்ள போயிருவாருங்க. மரத்துக்கு நடுவுல நின்னுட்டு 'மரகதம், மரகதம்'னு கத்திக் கத்திப் பாப்பாரு. காவக்காரன் கிளி வெரட்டறாருன்னு நெனச்சுக்குவான். நாலு பேரு இருக்கற எடத்துல வாயத் தெறந்தா சத்தம் வர மாட்டேங்குதுன்னு சொல்லுவாரு. நல்லேப்பிள்ளித் தம்பிக்கு எங்கிருந்து புள்ளே அந்தத் தொண்டை வருதுன்னு என்னையக் கேப்பாருங்க. அந்தப் பாலக்காட்டுப் போட்டியில நீங்க கூட ஓடுனீங்களே, அன்னிக்கு ராத்திரி அவருக்குச் சோறு எறங்கலீங்க. பெத்தவன்னா அவனாட்ட இருக்கோணும், நானெல்லாம் எதுக்குன்னு சொன்னாருங்க."

 இத்தனை வருடம் நான் அந்தச் சாக்கைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். அந்த மனிதர் என் தொண்டையைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன்! அதைக்கூடத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது நினைத்தாலும் அவர்மேல் கோபம் வருகிறது.

மரகதம் தூணோரமாக நின்றாள். அவளுக்கும் இது புதிய செய்தி என்று முகத்திலேயே தெரிந்தது.

"எனக்குக் கேக்கவே இல்லீங்களேம்மா" என்றாள். தாயும் மகளும் கொஞ்சநேரம் அழுதார்கள். பிறகு மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அடுத்த வாரம் பாலக்காட்டுல காலேஜுப் போட்டி இருக்குங்க. அப்பா இல்லாம நான் ஓடறதில்லீன்னு நெனச்சிருந்தனுங்க. இப்ப ஓடறேன். நீங்க வரோணும். எம்பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிடோணும். அப்பா கூப்பிடறாட்ட நெனச்சுக்கறேன்."

நான் சரோஜாவைப் பார்த்தேன். வராதீர்கள் என்று சொன்னவள் அவள்தான். அந்த உத்தரவை அதுவரை அவள் திரும்பப் பெற்றிருக்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தகப்பனை இழந்த பெண் கேட்கும்போது எப்படி முடியாது என்பது? "வரேன் கண்ணு. பாலக்காட்டுக் கோட்டைக்கே கேக்கறாப்பல கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. சரோஜா வழக்கம்போல் முன்னால் போய் உட்காராமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமாக இருக்கிறாள், கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நான் தயாராகவே இருந்தேன். நல்லேப்பிள்ளி நெருங்கும்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"ஏனுங்கப்பா, அவ பேரை மட்டுந்தான் கூப்பிடுவீங்களா?"

வெள்ளியங்கிரி அண்ணா, அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் நான் அதைத்தானே சுமந்துகொண்டு திரிந்தேன். என் மகளுக்கு என்மேல் அது வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் பெண்ணும் என் பெண்ணும் அடுத்த வாரம் ஒரே ஓட்டத்தில் நிற்கிறார்கள். கடைசி வளைவில் யார் பெயரை முதலில் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைத்தான் கேட்டிருப்பேன். போய் வாருங்கள் அண்ணா.